மூன்றாமவருக்காகக் கேட்டல்

திருக்குறளில் 106-ஆம் அதிகாரம் இரவு. அதை அடுத்து இரவச்சம். கேட்கத் தக்கவரிடம் கேட்கலாம் என்று பத்துக் குறளில் வழிவிட்ட வள்ளுவர், அடுத்த பத்தில் அந்த வழியை அடைத்துவிடுகிறார். இரண்டு அதிகாரங்களிலும் பேசப்படுபவர் பெரும்பாலும் தன் பசிக்காகக் கேட்பவர். பிறிதோர் உயிருக்காகக் கேட்பது 1066-ஆம் குறளில் வருகிறது. அங்கே கேட்கப்படுவது ஒரு பசுவுக்குத் தண்ணீர். தண்ணீர் கிடைக்காமல் சாகும் நிலையிலுள்ள பசு என்று பரிமேலழகர் உரை அதை இன்னும் இறுக்குகிறது. அந்தப் பசுவுக்காகக் கேட்டாலும் நாவுக்கு இழிவுதான் என்று குறள் முடிகிறது.

நன்கொடை திரட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். இந்தக் குறளோடு நெடுநாளாக வாதாடிக்கொண்டிருக்கிறேன். பசுவால் கேட்க முடியாது. பசுவின் பக்கத்தில் நிற்பவருக்குக் கிணறு இல்லை. கிணறு உள்ளவர் பசுவைப் பார்த்ததே இல்லை. யாராவது ஒருவர் இவர்களுக்கு நடுவே நடந்துபோய்ச் சொல்லியாக வேண்டும். நடப்பவரின் மானத்தைக் காப்பாற்றப் பசுவைச் சாகவிடலாம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. அறத்தையும் முயன்று செய், இரந்து செய்யாதே என்பது உரைகாரர் கருத்து. ஒரு தனி மனிதனின் நாள்வாழ்க்கைக்கு அது பொருந்தலாம். புற்றுநோய் மருத்துவமனையையும் காது கேளாத பிள்ளைகளின் விடுதியையும் மனநலக் காப்பகத்தையும் ஒருவருடைய முயற்சி கட்டலாம். ஆண்டுக்கணக்கில் நடத்த முடியாது.

நம் ஊரில் கொடுப்பவருக்குக் கல்வெட்டு உண்டு. கோயில் மணியிலும் பள்ளி மின்விசிறியிலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் 'உபயம்' என்று எழுதிப் பெயரைப் பொறிக்கிறோம். அந்த உபயத்துக்காக நாலு தடவை படியேறி இறங்கியவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. பெரிய அலுவலகங்களின் வாசலில் காவலாளி இன்டர்காமை எடுத்து, "வசூலுக்கு வந்திருக்காங்க சார்" என்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். நல்ல மனம் படைத்தவர்கள், வாரி வழங்குகிறவர்கள், காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு உண்மையான வியப்போடு, "இதுக்கு நீங்க சம்பளம் வேற வாங்குறீங்களா?" என்று கேட்கும்போதுதான் நெஞ்சில் தைக்கும். சேவையில் இருப்பவர் சம்பளம் வாங்குவது அவர்கள் கண்ணுக்குத் திருட்டின் தம்பிபோலத் தெரிகிறது. அவர்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சம்பளமே இல்லாமல் ஊரே திரட்டிக் கொடுத்த காலமும் இங்கே இருந்தது. விருதுநகரில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடார் உறவின்முறை சத்திரிய வித்தியாசாலையை நடத்தத் தொடங்கியபோது அதைத் தாங்கியது பிடியரிசி. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டு வைப்பார்கள். ஆள் வந்து வாங்கிப்போவார். வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து மகமை செலுத்தினார்கள். காமராசர் படித்த பள்ளி அது. அங்கே வாசலில் வந்து நின்றவருக்குக் கூச்சம் இருந்திருக்காது. கேட்பவரும் கொடுப்பவரும் படிக்கும் பிள்ளையும் ஒரே தெருக்காரர்கள். அரிசி எங்கே போயிற்று என்று அறிய அறிக்கை எதுவும் வேண்டியதில்லை, பள்ளிக்கூடம் கண்ணெதிரே நின்றது. ஊருக்கும் உறவுக்கும் வெளியே இருக்கும் ஒருவருக்காக, முகம் தெரியாத இன்னொருவரிடம் கேட்க வேண்டி வரும்போது அந்த ஏற்பாடு போதாமல் போகிறது.

வேலூரின் கதையை எடுத்துக்கொள்வோம். ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களை, ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் இழந்த துயரம்தான் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது என்பது பலரும் அறிந்த வரலாறு. 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்தபோது கையில் 10,000 டாலர் நன்கொடை இருந்தது. நியூயார்க் வங்கியாளர் ஷெல், மறைந்த தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகக் கொடுத்த பணம் அது. 1902-இல் அந்த அம்மையார் பெயரில் வேலூரில் மருத்துவமனை திறந்தது. மன்ஹாட்டனில் மனைவியை இழந்த ஒருவரின் துக்கமும், தென் ஆர்க்காட்டில் பெயர் தெரியாத மூன்று பெண்களின் மரணமும் ஒரு பெண்ணின் பேச்சால் சந்தித்தன. அவர் போய்ச் சொல்லியிராவிட்டால் அந்த இரண்டு துயரங்களும் தத்தம் இடத்திலேயே முடிந்திருக்கும்.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதற்குக் கட்டடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும். அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற அம்மையார், வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்ட ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்காக 1920-களின் தொடக்கத்தில் ஒரு பெரும் இயக்கம் நடத்தினார். ராக்பெல்லர் குடும்பத்தின் அறக்கட்டளை ஒன்று, நீங்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்று கெடுவும் வைத்தது. ஊர் ஊராகப் பெண்கள் குழு அமைத்து, ஆளுக்கொரு டாலர் என்று திரட்டி அந்த எல்லையைத் தொட்டார்கள். இந்தக் கெடு, இந்த ஈடுதொகை, ஒரு பெருங்கொடையைக் காட்டி ஆயிரம் சிறுகொடைகளை வரவழைக்கும் முறை எல்லாம் இன்றைக்கும் எங்கள் அன்றாடக் கருவிகள்.

அதோடும் முடியவில்லை. மருத்துவப் பள்ளிகள் பட்டப் படிப்புத் தரத்துக்கு உயர வேண்டும் என்று 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு விதித்தது. அதற்கான பணத்துக்காக 1941-இல், 70 வயதைத் தாண்டிய ஐடா ஸ்கடர் மறுபடியும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது. பள்ளி பிழைத்தது, கல்லூரியாயிற்று, 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் அவருடைய தியாகத்தைப் போற்றுவார்கள். எனக்கு வேறொரு கணக்கும் கூடவே ஓடும். அறுவை மேசையருகே நிற்க வேண்டிய, மாணவிகளுக்குச் சொல்லித்தர வேண்டிய ஒரு மருத்துவர் எத்தனை காலம் கூட்டங்களில் நின்று பணத்துக்காகப் பேசினார்? அந்தச் சுமையில் பாதியை எடுத்துக்கொள்ளத் தேர்ந்த ஆள் ஒருவர் மாதச் சம்பளத்துக்கு இருந்திருந்தால் வேலூருக்கு எத்தனை மருத்துவர் கூடுதலாகக் கிடைத்திருப்பார்? சம்பளம் ஏன் என்ற கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். மருத்துவரை மருத்துவம் பார்க்கவும் ஆசிரியரைப் பாடம் நடத்தவும் விடுவதற்காக.

நிதி திரட்டல் ஒரு தொழிலாக உருவெடுத்ததும் அமெரிக்காவில்தான். 1905-இல் வாஷிங்டனில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்காகச் சார்லஸ் வார்டும் லைமன் பியர்ஸும் கெடு வைத்து, குழு பிரித்து, தினக்கணக்கு வெளியிட்டு நடத்திய வசூலை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1960-இல் நிதி திரட்டுவோருக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. அந்தச் சங்கத்தின் நெறிமுறையில் ஒரு விதியை நான் மிகவும் மதிக்கிறேன்: திரட்டிய தொகையில் சதவீதம் வாங்கக் கூடாது. சம்பளம் வாங்கலாம், பேசிய கட்டணம் வாங்கலாம், பங்கு மட்டும் கூடாது.

நூற்றுக்குப் பத்து என்பது மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். உழைத்தால் கூலி, கொண்டுவராவிட்டால் இல்லை, நிறுவனத்துக்கும் ஆபத்தில்லை. நம் ஊரிலும் சிறிய அறக்கட்டளைகள் பல இப்படித்தான் ஆள் எடுக்கின்றன, "நீங்க கொண்டுவர்றதுல இவ்வளவு எடுத்துக்கங்க" என்று. அந்த ஏற்பாடு என்ன செய்யும் என்று நான் கண்டிருக்கிறேன். அம்மாவின் திதிக்கு ஒருநாள் அன்னதானம் செய்ய வந்தவரைப் பார்த்ததும் திரட்டுபவர் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இன்றைக்கு 5,000 கொடுக்கத் தயாராக இருக்கும் மனிதர், பள்ளியை நேரில் பார்த்துப் பழகினால் சில ஆண்டுகளில் ஒரு வகுப்பறையே கட்டித் தரக்கூடும். ஆனால் பங்குக்காரருக்கு அந்த வகுப்பறை வரை பொறுமை இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பெரிய நன்கொடை வரும்போது அதைச் சம்பாதித்தது யார்? என் கடிதமா, அல்லது அந்தக் கொடையாளியின் தகப்பனாரை ஒருகாலத்தில் இரவெல்லாம் பார்த்துக்கொண்ட வார்டு நர்ஸா? பெரும்பாலும் நர்ஸ்தான். அவருக்கு வராத சதவீதம் எனக்கு எப்படி வரலாம்?

1993-இல் அமெரிக்க அமைப்புகள் சில சேர்ந்து கொடையாளரின் உரிமைகள் என்று பத்து அம்சங்களை வெளியிட்டன. கேட்டு வருபவர் தொண்டரா, நிறுவன ஊழியரா, கூலிக்கு அமர்த்தப்பட்டவரா என்று அறியும் உரிமை அவற்றில் ஒன்று. இதை நம் ஊர் மால் வாசல்களிலும், ஞாயிற்றுக்கிழமை மதியம் அடிக்கும் தொலைபேசியின் மறுமுனையிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தால் எத்தனையோ சந்தேகங்கள் தீரும். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கும் அந்தப் பிள்ளைகளின் மீது எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்ற நெருக்கடியை அவர்கள் தலையில் வைத்தவர்கள்மீதுதான் கோபம். காலையில் பயிற்சி, மாலையில் டார்கெட், நடுவில் அந்தக் காப்பகத்தை ஒருமுறைகூடப் பார்க்க வாய்ப்பில்லாமல் அதைப் பற்றி உருகிப் பேச வேண்டிய கட்டாயம். இந்தத் தொழிலுக்கு ஆர்வத்தோடு வரும் இளைஞர்கள் ஒரே ஆண்டில் வெறுத்து ஓடுவது இதனால்தான்.

"நான் குடுக்கற நூறு ரூபாயில எவ்வளவு சம்பளத்துக்குப் போகுது?" என்ற கேள்வியைத் தப்பாக நினைக்க மாட்டேன். கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் விடுதி வார்டனின் சம்பளமும் சமையல் அம்மாவின் சம்பளமும் 'நிர்வாகச் செலவு' என்று எண்ணிக்கொண்டு, அரிசி மூட்டை மட்டும்தான் சேவை என்று நினைப்பவர்களிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. அரிசி தானாக வேகாது. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சலில் அழும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கைக்கு மாதச் சம்பளம் உண்டு. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்தது. மோசடிக்காரர்களைக் கட்டுப்படுத்த வரம்பு தேவைதான். கணக்கெழுதவும் தணிக்கைக்கும் நல்ல ஆளை வைக்க முடியாமல் சின்னச் சின்ன நிறுவனங்கள் தடுமாறுவதும் கண்கூடு.

எனக்கு இந்தத் தொழிலில் ஆறாத புண் ஒன்று உண்டென்றால், அது புகைப்படம். எலும்பு தெரியும் குழந்தை, மூக்கில் குழாய் செருகிய குழந்தை, கண்ணில் நீர் தேங்கிய குழந்தை. அப்படிப்பட்ட படம் வைத்த வேண்டுகோளுக்குப் பணம் கூடுதலாக வரும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். கொடுப்பவரும் நானும் பேசிக்கொள்ளும் அறையில் அந்தக் குழந்தை இல்லை. தன் முகம் எங்கெல்லாம் போயிற்று என்று அதற்குத் தெரியாது. பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும்போது அந்தப் படம் இணையத்தில் அப்படியே கிடக்கும். நான் பழகிய நல்ல நிறுவனம் ஒன்றில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளையைப் பற்றி எழுதியதை அனுப்புவதற்கு முன் அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் வாசித்துக் காட்டுவார்கள். "இந்த வரி வேணாம்க்கா" என்று பிள்ளை சொன்னால் அந்த வரி போய்விடும். பெரும்பாலும் போவது அப்பாவின் குடியைப் பற்றிய வரிதான். அந்த வரி போனதால் வசூல் குறைந்திருக்கலாம், குறையட்டும்.

பெற்றோரே தங்கள் குழந்தையின் படத்தைப் போட்டுக் கேட்கும்போது நியாயம் பேச எனக்கு வாய் வராது. முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ஒரே ஒரு ஊசியின் விலை 16 கோடி ரூபாய் என்று செய்தி வந்தபோது தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அந்தப் பணத்துக்காக ஊரையெல்லாம் கேட்டன. அரிய நோய்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கக்கூடிய உதவி 50 லட்சம் வரை. மீதிக்கு அந்தத் தாய் தகப்பன் எங்கே போவார்கள்? சில குழந்தைகளுக்குப் பணம் சேர்ந்தது. பார்க்க அழகான, சிரிக்கத் தெரிந்த, செய்தியில் முதலில் வந்த குழந்தைக்குச் சேரும் பணம், அடுத்து வரும் குழந்தைக்குச் சேர்வதில்லை. எங்கள் தொழிலின் எல்லை இங்கே இருக்கிறது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை நன்கொடையாகத் திரட்டிக் கொடுத்துவிடலாம் என்று நம்புகிறவர் இந்த வேலைக்கு வரக் கூடாது என்றே சொல்வேன். நாங்கள் திரட்டும் பணம் அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் சீட்டாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் கடமை.

கொடுப்பவரையும் காக்க வேண்டும். 1934 ஜனவரியில், தீண்டாமை ஒழிப்புக்காக ஊர் ஊராக நிதி திரட்டிக்கொண்டிருந்த காந்தி வடகரைக்கு வந்தபோது, கௌமுதி என்ற இளம்பெண் தன் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். காந்தி உடனே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. பெற்றோரின் அனுமதி உண்டா என்று விசாரித்தார். இதற்குப் பதிலாக வேறு நகை செய்து போட்டுக்கொள்ளக் கூடாது, அது சம்மதமா என்றும் கேட்டார். பின்னால் இதைத் தன் பத்திரிகையிலும் எழுதினார். ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட, தனக்கு வந்த வரவேற்புப் பத்திரத்தையே மேடையில் ஏலம்விட்ட வசூல்காரர் அவர். அப்படிப்பட்டவரே கொடுப்பவரின் நிலையை விசாரித்த பிறகுதான் வாங்கினார் என்பதை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் பாடமாக வைக்கலாம்.

அதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் 2015-இல் 92 வயது மூதாட்டி ஒருவர் மறைந்த பிறகு, கிட்டத்தட்ட நூறு தொண்டு நிறுவனங்களின் பட்டியலில் அவர் முகவரி இருந்தது வெளியே வந்தது. ஒன்றுக்குக் கொடுத்தவர் என்பதால் மற்றொன்றுக்கு முகவரி போய், கடிதம் கடிதமாக வந்து குவிந்திருக்கிறது. அவர் மரணத்துக்கு அந்தக் கடிதங்கள் காரணமில்லை என்று குடும்பத்தினர் சொன்னார்கள். ஆனாலும் நாடு வெட்கப்பட்டது. அடுத்த ஆண்டே நிதி திரட்டலை மேற்பார்க்கத் தனி அமைப்பு வந்தது, அதன் பின்னர் எனக்கு இனி எதுவும் அனுப்பாதீர்கள் என்று பதிவு செய்துகொள்ளும் வசதியும் வந்தது. இங்கே ஓய்வூதியத்தில் வாழும், தனியாக இருக்கும், யாராவது பேச மாட்டார்களா என்று காத்திருக்கும் பெரியவர்களின் எண்கள் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

சமூகப்பணி படிப்பை முடித்த பெண் ஒருத்தி சமீபத்தில் வந்து, "சார், ஃபண்ட்ரெய்சிங் பக்கம் போகலாமான்னு இருக்கேன், வீட்ல பிச்சையெடுக்கிற வேலையாங்கறாங்க" என்றாள். போகலாம் என்றேன். எந்த நிறுவனம் அழைத்தாலும் முதலில் தணிக்கை செய்த கணக்கைக் கேட்டு வாங்கிப் படி. ஆள் எடுக்கும்போதே கமிஷன் பேசினால் எழுந்து வந்துவிடு. சேர்ந்த பிறகு ஒரு கடிதமும் எழுதுவதற்கு முன் விடுதியில் ஒரு ராத்திரி தங்கு என்றேன். மாலை ஆறு மணிக்கு மேல் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும், ரசீது தாமதமானால் திட்டு விழும், பத்து பேரைப் பார்த்தால் எட்டு பேர் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள் என்பதையும் மறைக்கவில்லை. அவள் கேட்காத ஒன்றையும் சொன்னேன்: பணத்தை மறுக்க வேண்டிய நாளும் வரும்.

அந்த நாள் பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்வதால், தொழிற்சாலை உள்ள இடத்தில் பள்ளிக்குப் பள்ளி கழிப்பறை எழும்புகிறது, தொழிற்சாலை இல்லாத வறண்ட வட்டாரங்கள் காத்துக் கிடக்கின்றன. நிதியாண்டு முடியும் சமயத்தில் போன் வரும்: "முப்பத்தொண்ணுக்குள்ள செலவு பண்ணி பில் குடுக்க முடியுமா?"

அப்படி ஒரு போன் வந்து, மானாவாரி நிலங்களுக்கு நடுவிலிருக்கும் ஒரு பள்ளிக்கு ஐம்பது கம்ப்யூட்டர் தருவதாகச் சொன்னார்கள். தலைமையாசிரியை அம்மா யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டர் இருக்கட்டும் தம்பி, ஒம்பதாவது பத்தாவதுக்குக் கணக்கு வாத்தியார் இல்ல, அவர் சம்பளத்துக்குக் கேளுங்க" என்றார். கேட்டேன். சம்பளம் கொடுக்கும் வழக்கமில்லை, பொருளாகத்தான் தர முடியும், பலகையில் பெயர் வரும் என்றார்கள். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அவர் பக்கம் நின்று நானும் வேண்டாம் என்று எழுதினேன். பிறகு பழைய மாணவர்களின் பட்டியலை எடுத்து உட்கார்ந்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவர், சென்னையில் லேப் டெக்னீசியனாக இருப்பவர், சிங்கப்பூரில் வெல்டராக இருப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் மாதம் 300 ரூபாய் கேட்டோம். ஏன் கேட்கிறோம், யாருக்குப் போகும், கணக்கு எப்போது வரும் என்று போனில் பொறுமையாகச் சொன்னோம். கணக்கு ஆசிரியர் ஜூன் மாதம் சேர்ந்தார். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலோடு வரவுசெலவையும் அனுப்பினோம். வெல்டர் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்து எழுதினார், திருத்தி மறுபடி அனுப்பினோம். இரண்டு வருடத்துச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது. மூன்றாம் வருடத்துக்கு இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும். விடுபட்ட பெயர்களைத் தலைமையாசிரியை அம்மா பழைய வருகைப் பதிவேடுகளிலிருந்து எடுத்துத் தந்துகொண்டிருக்கிறார்.